கதைக்குள் ஒரு கடிதம்

வார இதழில் வந்திருந்த என் கதையைத் தங்கை இரண்டாம் முறையாகப் படித்தாள்.

"கதை உன் வழக்கமான வளவளாதான், அண்ணா. ஆனா அந்தக் காதல் கடிதம் இருக்கே... நீயா எழுதின?"

"ஏன், எனக்கு வராதா?"

"அண்ணியைக் கேட்டாத் தெரியும்!" என்று சிரித்தாள்.

பிறகு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒருத்தன் இப்படி நாலு வரி எழுதியிருந்தா, அவன் பின்னாடியே போயிருப்பேன். எனக்குன்னு யார் எழுதினா? அம்பது வயசு வரைக்கும் ஒண்டிக்கட்டையாவே ஓடிப்போச்சு."

நான் தலைகுனிந்தேன்.

அந்தக் கடிதம் இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அவளுக்கு வந்தது. குடும்ப மானம் என்று சொல்லிக்கொண்டு, தபால்காரரிடம் வாங்கி ஒளித்துவைத்தவன் நான்.

கதைக்காக அதில் நான் மாற்றியது அவள் பெயரை மட்டும்தான்.