டிசம்பர் அட்டவணை

பச்சைப் புடவையும் தலையில் கனகாம்பரமுமாக உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள் பெர்னதெத். புருஷனைக் கடல் கொண்டுபோய் இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. காக்ஸ் டவுன் மாதா கோயிலில் அவளைப் பற்றிப் பேசாத வாய் இல்லை.

பேசமாட்டார்களா பின்னே? செய்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஒரு நாள் லீவு கிடையாது. என்ன மனசோ, போங்கள்!

எதிர் மேசையில் டாக்டர் ஆராவமுதன் கறுப்பு மையைத் தொட்டுத் தொட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்து கடலை ஆராய்கிற மனுஷர் என்று அவருக்கு ஏற்கெனவே ஊரில் நல்ல பெயர். இந்தக் கட்டுரையாவது அந்தக் கேலியை நிறுத்தும் என்று நம்பியிருந்தார்.

கடலியல் பத்திரிகைக்குப் போக வேண்டிய கட்டுரை அது. அசல் ஒன்று, கார்பன் நகல் இரண்டு. இன்று நாலு மணிக்குள் பதிவுத் தபாலில் சேர்க்காவிட்டால் அடுத்த இதழில் இடமில்லை என்று பம்பாயிலிருந்து கறாராக எழுதிவிட்டார்கள்.

கட்டுரைக்கு உயிரே ஜெயராஜ் எடுத்த அளவுகள்தான். தனுஷ்கோடிக் கரையில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாகக் கிடந்து, நாலு வருஷம் தினமும் காலை ஆறு மணிக்குக் கடல்நீரின் சூட்டை அளந்தவன் அவன். வாரம் ஒரு தாள் தபாலில் வரும். அதை அட்டவணையாக டைப் அடிப்பது அவன் மனைவி பெர்னதெத்தின் வேலை. டாக்டர் பார்ப்பது அந்த அட்டவணையை மட்டும்தான்.

"ஏம்மா, முதல் பக்கத்துல பேரை எப்படிப் போட்டிருக்கே?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். முதல்ல அவரு பேரு, அப்புறம் உங்க பேரு."

"பேஷ். நாலு வருஷம் உப்புக் காத்துல கெடந்தான். பேராவது நிக்கட்டும்."

அவள் கடைசி அட்டவணைக்குத் தாள் சொருகினாள். டிசம்பர், 1964. பக்கத்தின் அடிக்கு வந்ததும் ஸ்டாண்டிலிருந்த ஜெயராஜின் தாளைக்கூடப் பார்க்காமல் கடகடவென்று அடித்து முடித்து, உருவி அவரிடம் நீட்டினாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. பேனா நின்றுவிட்டது.

"பெர்னதெத், இருபத்திரண்டாம் தேதி ராத்திரிதானே புயல் அடிச்சுது?"

"ஆமா சார்."

"கொட்டகை, ரயில் தண்டவாளம், ஊரு எல்லாம் அந்த ராத்திரியே போயிடுத்து. அப்போ இருபத்திமூணு காலம்பற ஆறு மணிக்கு இருபத்தாறு புள்ளி நாலுன்னு யாரு அளந்தா? முப்பத்தொண்ணு வரைக்கும் ரொம்பியிருக்கே!"

அவள் கார்பன் தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

டாக்டருக்கு முதலில் வந்தது ஆசைதான், பாவம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உயிரோட இருக்கானா? எங்கேயாவது கரை ஒதுங்கிக் கடுதாசி போட்டானா? சொல்லும்மா!"

"இல்ல சார். புயலடிச்ச அன்னிக்குக் காலைல வந்ததுதான் கடைசித் தபால்."

ஆசை போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. "அப்போ முன்னாடியே எழுதி அனுப்பிட்டான்! கடல் கிட்டயே போகாம, உக்காந்த எடத்துல மாசக் கடைசி வரைக்கும் ரொப்பிட்டான்! பெருமாளே, இந்த ஒரு மாசம்தானா, இல்லே நாலு வருஷமும் இந்த லட்சணமா?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்."

"வேற எப்படிச் சொல்றது? இதை அச்சுல பார்த்தா நாலு பேர் என் மூஞ்சில காறித் துப்புவா. செத்தவனாச்சேன்னு பார்க்கறேன். இல்லேன்னா..."

சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் பக்கத்தில் ஜெயராஜின் பெயர்மேல் வைத்தார். சொந்தப் பிள்ளை மாதிரி நினைத்திருந்தவன் இப்படிச் செய்துவிட்டானே!

ஆறு வருஷ வேலையில் அவர் முன்னால் குரலை உயர்த்தியறியாத பெர்னதெத், பாய்ந்து வந்து அந்தப் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அடிக்காதீங்க சார்! அவரு ஒரு நாளும் பொய் எழுதினதில்ல. இதோ பாருங்க."

ஸ்டாண்டிலிருந்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஜெயராஜின் குண்டுக் கையெழுத்து. இருபதாம் தேதியோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

டாக்டர் தாளையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"பின்னே... மிச்சத்தை யாரு எழுதினது?"

"நான்தான் சார். அவரு அளக்கற ஆறு மணிக்கு நானும் எழுந்து உக்காந்து, தினம் ஒண்ணு எழுதினேன். எழுதாம விட்டா அவரு செத்துட்டாருன்னு ஆயிடுமே சார்."

ஆராவமுதன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் எழுதினியாம்மா?"

பெர்னதெத் இல்லையென்று தலையை ஆட்டினாள். "இன்னிக்குக் காலைலயும் எழுதிட்டுத்தான் சார் வந்தேன்."