வேகமாகிப்போன ஒப்பாரி

செந்துறைப் பக்கம் ஒரு திருவிழா மேடை. தனபாக்கியம் செத்துப்போன மகனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறாள். மகனாக நடிக்கும் பிரேம்குமார் கண்மூடிக் கிடக்கிறான். பத்து வருடமாக இந்த நாடகத்தில் அவள் பாடிவரும் ஒப்பாரியை யாரோ வேகமாக்கிக் கேசட்டாக விட்டிருக்கிறார்கள். இப்போது அரியலூர் மினிபஸ்களிலெல்லாம் அதுதான் ஓடுகிறது. அவள் முதல் அடியை இழுத்ததுமே விசில் பறக்கிறது. கூட்டம் கேசட்டின் தாளத்துக்குக் கை தட்டுகிறது. “ஸ்பீடாப் பாடுக்கா!” என்று ஒருவன் கத்துகிறான். டியூப்லைட் வெளிச்சத்தில், மடியில் கிடக்கும் பிணத்தின் கால் கட்டைவிரலும் தாளம் போடுவதை அவள் பார்க்கிறாள். ஆர்மோனியக்காரர் முத்துவேல், வேகத்தைக் கூட்டவா என்று கண்ணால் கேட்கிறார். “நிறுத்துங்கண்ணே” என்கிறாள். பிறகு ராகமே இல்லாமல், வீட்டில் பேசுவதுபோல அந்தப் பாட்டின் வரிகளைச் சொல்கிறாள். “எந்திரி சாமி, வெயிலு ஏறிடுச்சு. ஆத்தா கூப்புடறேன், எந்திரி.” கட்டைவிரல் நின்றுவிடுகிறது. “பாட்டு மறந்துடுச்சா?” என்று யாரோ சிரிக்கிறார்கள். அவள் நிறுத்தவில்லை. கைதட்டல் தடுமாறிக் குறைகிறது. பின்னால் இரண்டு கைகள் மட்டும் பிடிவாதமாகத் தட்டிக்கொண்டிருக்கின்றன. முன்வரிசையில் ஒருத்தி, தோளில் தூங்கும் தன் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள்.