முக்கூட்டில் பதினெட்டு நாள்

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல், பெயர் கேட்டார்.

"தையல்நாயகி, சார். ஆக்கூர்."

'தை' என்று எழுதியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

புத்தகக் கண்காட்சியில் அன்று அவருக்குத்தான் கூட்டம். முப்பத்தோரு வருடம் வாரப் பத்திரிகையில் கணக்குப் பக்கம் எழுதியவர். சூத்திரத்தைக் கண்டாலே ஓடுகிறவர்களையும் பிடித்து உட்கார வைத்துப் படிக்கவைத்தவர். கட்டுரைகள் எல்லாம் இப்போது தலையணை கனத்தில் ஒரே புத்தகமாக வந்திருக்கின்றன. கையெழுத்துக்கு வாசல்வரை வரிசை நின்றது.

எதிரில் நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். காதோரம் நரை. தோளில் ஒரு துணிப்பை.

முகத்தை அவர் பார்த்ததில்லை. பெயரை ஒரு நாளும் மறந்ததில்லை.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு புதிர் போட்டிருந்தார். மணிக்கு ஆறு பேருந்து வருகிற நிறுத்தம். நினைத்த நேரத்துக்குப் போய் நிற்கிறீர்கள். சராசரியாக எத்தனை நிமிடம் காத்திருப்பீர்கள்?

பத்து நிமிடத்துக்கு ஒன்று. அதில் பாதி, ஐந்து. விடையையும் அவரே போட்டார்.

ஆக்கூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் பதினோரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஐந்து இல்லை, அதைவிடக் கூடுதல் என்றாள். மூன்று சாலை கூடும் முக்கூட்டு நிறுத்தத்தில் பதினெட்டு நாள் கால் கடுக்க நின்று, ஒவ்வொரு பேருந்தும் வந்த நேரத்தைக் கட்டம் போட்டு எழுதி அனுப்பியிருந்தாள்.

மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்த காலம் அது. அவர் முதல் பக்கத்தைத்தான் படித்தார்.

மறுவாரமே பத்திரிகையில் அவருடைய பதில் வந்தது. 'ஆக்கூர் தையல்நாயகிக்கு இப்போதைய தேவை கணக்கு அல்ல, நல்லதாக ஒரு கைக்கடிகாரம்.'

வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான்.

அவள் சொன்னதுதான் சரி.

மூன்று வருடம் கழித்து, வடபழனியில் பேருந்துக்காக நின்றபோது உறைத்தது. பேருந்துகள் அளந்து வைத்தாற்போல வருவதில்லை. ஒன்று ஐந்து நிமிடத்தில் வரும், அடுத்தது பதினைந்தில் வரும். ஐந்து நிமிட இடைவெளியில் வந்து சேர்கிறவர்களைப்போல மூன்று மடங்கு ஆட்கள் அந்தப் பதினைந்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். கால்வாசிப் பேருக்குச் சராசரி இரண்டரை நிமிடம், முக்கால்வாசிப் பேருக்கு ஏழரை; கூட்டிப் பார்த்தால் ஆறேகால் நிமிடம் வந்தது.

ஏற வேண்டிய வண்டி போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

நாலு வரி திருத்தம் போட்டிருக்கலாம். அடுத்த வாரம் என்று நினைத்தார். அடுத்த வாரம் சூரிய கிரகணம் வந்தது. அதற்கடுத்து ஒரு விருது. விருது வாங்கிய கையோடு, எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று எவன் எழுதுவான்? கடிதத்தைத் தேடியபோது அது என்றைக்கோ பழைய பேப்பரோடு போயிருந்தது. முகவரி இல்லை என்பது அப்போது அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

"என்னை ஞாபகம் இருக்காது, சார்," என்றாள் அவள். "ஒருதடவ உங்க பக்கத்துல எம் பேரு வந்துச்சு. எங்கப்பா படிச்சுக்கூடப் பாக்காம பத்துக் காப்பி வாங்கிட்டு வந்துட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவருக்குச் சிரிக்க வரவில்லை.

"அப்புறம் மேல படிச்சீங்களாம்மா?"

"எங்க சார். எம்.எஸ்ஸி. சேரணும்னு அப்ளிகேஷன்லாம் வாங்கி வச்சிருந்தேன். நீங்க எழுதுனதப் பாத்ததும் எனக்கே புரிஞ்சுபோச்சு, நமக்குக் கணக்கு அவ்ளோதான்னு. இப்ப வீட்டுலயே டியூஷன் எடுக்கறேன். பத்தாவது வரைக்கும்."

குரலில் துளி வருத்தம் இல்லை. அவள் அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, அன்னிக்கு நீங்க எழுதினதுதான் சரி. தப்பு என்னோடது."

சொல்லிவிட்டார். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டாற்போல இருந்தது.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முகம் நெகிழ்ந்தது.

"எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்களுக்குப் பெரிய மனசு, சார்."

"இல்லம்மா, நெசமாவே. அஞ்சு இல்ல."

"அஞ்சுதான், சார்."

வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பிள்ளையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பொருளடக்கத்தைப் புரட்டினார். அச்சில் காட்டினால் நம்புவாள். விரல் ஒவ்வொரு தலைப்பாக இறங்கியது. நூற்று நாற்பது கட்டுரைகள். திருத்தம் அவர் எழுதவே இல்லை. யாரும் கிளறிவிடக் கூடாது என்று, தொகுக்கும்போது அந்தப் புதிரையும் அவரேதான் நீக்கியிருந்தார்.

தான் எழுதியதே அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்து அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"'சில நாள் பேருந்து நம்மை ஏமாற்றும். சில நாள் நாம் பேருந்தை ஏமாற்றுவோம். கூட்டிக் கழித்தால் ஐந்துதான்.' எவ்ளோ அழகா எழுதியிருந்தீங்க. எங்கிட்டப் படிக்கிற பிள்ளைங்க எல்லாத்துக்கும் இது மனப்பாடம், சார்."

ஒரு எழுத்து மாறவில்லை.

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நேரமாகிறது என்று அவள் புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

அவர் அதை விடவில்லை.