தானாகத் திறக்கும் வசதி

குளச்சலில் என் பிரிண்ட் கடை கம்ப்யூட்டர், எந்த ஃபோனைச் சொருகினாலும் தானாகத் திறந்து அதன் பெயரைக் காட்டும். தம்பி ஃபாயிஸ் தன் ஃபோனுக்கு வைத்த பெயர், ‘ராத்தா கதவத் தொற’. ராத்தா, அவனுக்கு அக்காவான நான்தான். தினமும் ராத்திரி பிந்தி வந்து வீட்டு வாசலில் அவன் சொல்வது அதுதான்.

புயல் எச்சரிக்கையை மதிக்காமல் அவன் மீன்பிடிக்க வள்ளம் ஏறினான். “இனி உனக்குக் கதவு தொறக்க மாட்டேன்லே” என்று கத்தினேன். மூன்றாம் நாள் அவன் உடல் மையத்தாகக் கரை ஒதுங்கியது. ஃபோன் கடலோடு போயிற்று.

மறுவாரம், எதையும் சொருகாத கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் வந்தது. தினமும் வந்தது. மெக்கானிக் அனில்குமாரைக் கூப்பிட்டேன்.

“தானா தொறக்கியத நிறுத்தி வச்சிரட்டா?”

“நிறுத்துங்க அண்ணே. சொன்ன பேச்சு கேக்காத பயலுக்கு இங்க என்ன வேல?”

நிறுத்திவிட்டுப் போனார். பெயர் வரவில்லை. மத்தியானம் தட்டும் சத்தம் கேட்டது. கடைக் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. சத்தம் கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து வந்தது.

“தட்டுலே, கை நோவத் தட்டு! அண்ணைக்கு நான் சொன்னதக் கேட்டியா?”

சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தட்டினான், வீட்டில் வாப்பா எழும்பிவிடாமல் எப்போதும் தட்டுவதுபோல், மெதுவாக.