மூன்று நிமிடக் கை

கேரம் இறுதி ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தபோது டெல்பின் பையைத் திறந்தாள். மணிக்கட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை உருவிழந்து, வெறும் வெள்ளைத் தகடாகக் கிடந்தது.

"இன்னாய்யா பண்ணே?"

"வேர்வை நாத்தம் அடிச்சுதேன்னு கொதிக்கிற தண்ணியில கழுவுனேன்," என்றான் கணவன் சவரி. "அப்பளம் மாதிரி விரிஞ்சிடுச்சு."

பட்டை இல்லாவிட்டால், முறிந்து சேர்ந்த அந்தக் கை போர்டின் மேல் நடுங்கும். எதிராளியோ நான்கு வருட சாம்பியன்.

டெல்பின் டீக்கடைக்கு ஓடினாள். "மாஸ்டர், அகலமான தட்டுல சுடுதண்ணி!"

ஆஸ்பத்திரியில் செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். வெந்நீரில் தகடு கண்ணாடியாகத் தெளிந்ததும் எடுத்து, துண்டில் ஒற்றி, கையில் போர்த்த வேண்டும். மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். அதுவரை கை எப்படி இருக்கிறதோ, பட்டையும் அப்படியே நிற்கும்.

அங்கே கையை ஓய்வாக வைக்கச் சொன்னார்கள். இங்கே அவள் பெஞ்சின் மேல் ஸ்டிரைக்கரை வைத்து, அடிக்கப் போகிறவள் போல மணிக்கட்டைச் சாய்த்து, விரலை நீட்டி மூச்சைப் பிடித்தாள்.

"ஊதட்டுமாடி?" என்றான் பின்னாலேயே ஓடி வந்த சவரி.

"ஊது. பேசாத."

நடுவர் பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். டெல்பின் கையைப் போர்டில் இறக்கினாள். பழைய பட்டைக்குள்ளும் ஆறு மாதமாக லேசாக நடுங்கிய கை பாறையாக நின்றது. முதல் அடியிலேயே இரண்டு வெள்ளைக் காய்கள் குழிக்குள் விழுந்தன.

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த சாம்பியன், அதை மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.