நடுங்காத குரல்

போன மாதம் எங்கள் மலை ஊரில் சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு ஒரு பேசும் பெட்டி கொடுத்தார்கள். நர்சாகிய நான் வராத நாட்களில் அது மருத்துவ ஆலோசனை சொல்லும். வேறு குரலை இங்கே யாரும் நம்பமாட்டார்கள் என்று என் குரலையே அதற்கு வைத்திருந்தார்கள்.

இன்று தவமணியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எட்டு மாதம். முகம் வீங்கியிருந்தது, தலைவலி என்றாள். இரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. நான்தான் தவறாகப் பார்த்தேனோ என்று மறுபடியும் பார்த்தேன். குறையவில்லை.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வலிப்பு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்றேன்.

அவள் கணவன் சடையன் சிரித்தான். "நேத்து நீங்கதானே படுத்திருந்தாப் போதும்னீங்க நர்சம்மா? ஒரே வாயில ரெண்டு பேச்சா?"

"அது நான் இல்லண்ணே, பெட்டி."

அலமாரியிலிருந்து என் குரல் பேசியது: "பயப்படாத தவமணி. வீட்டுலயே இரு. சரியாயிடும்."

மாலை வகுப்பில் இன்னும் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தப் பெட்டியைவிடவா தெரிந்துவிடும்? அவள் கையிலிருந்து கழற்றிய இரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்ட முடியாமல் விரல்கள் நடுங்கின.

தவமணி என் விரல்களையே பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"அந்தப் பெட்டி அக்காவுக்குப் பயமே இல்ல மாமா. இந்த அக்கா பயப்படுறாங்க. நான் இவங்ககூடப் போறேன்."

நாங்கள் ஏறிய ஜீப் ஊரைத் தாண்டும்வரை வீட்டுக்கு வீடு என் குரல் கேட்டது. யாரிடமோ, கொஞ்சமும் நடுங்காமல், எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.