‘நாளைக்கு’ பட்டறை

"ஊர்ல வேற பட்டறையே இல்லையா? போயும் போயும் அந்த ஆள்கிட்டயா வண்டியை விடப்போற?" அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள்.

"அவர் வேலை சுத்தமா இருக்கும்மா" என்றாள் மகள்.

"சுத்தமாத்தான் இருக்கும். முடிச்சாத்தானே அழுக்காகும்?"

அப்பா சிரிக்கவில்லை. வாசலில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடதுபக்கக் கதவு இரண்டும் உள்வாங்கி, முன்சக்கரத்துக்கு மேலே தகடு சுருண்டு கிடந்தது. முந்தின நாள் பட்டப்பகலில் சொந்த வீட்டு கேட் தூணில் இடித்தது.

"மெயின் ரோட்டுக் கடைக்காரன் ஒரே வாரத்துல தர்றேன்னான்" என்றார். "இந்த ஆள்கிட்ட விட்டா வண்டிக்குள்ள செடி முளைச்சுதான் திரும்பி வரும்."

"அவன் பட்டிப் பசையை அள்ளி அப்பி மேல பெயின்ட் அடிச்சுடுவான்ப்பா. ஒரு மழைக்கு உதிர்ந்துடும்."

"அப்ப கம்பெனி சர்வீஸ்?"

"அங்கே ஒடுக்கே எடுக்க மாட்டாங்க. கதவையே மாத்தணும்பாங்க."

"பாலத்துக்குப் பக்கத்துல இருக்கானே, அவன்?"

அதற்கும் ஒரு குறை சொன்னாள். எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்த குறைகள்.

"படிச்ச பொண்ணு சொல்லுது. நமக்கென்ன தெரியும்?" அப்பா சாவியை எடுத்து நீட்டினார். குரலில் இருந்த கசப்பு அவளுக்குக் கேட்காமல் இல்லை.

அந்தப் பட்டறைக்காரருக்கு அந்த வட்டாரத்தில் ‘நாளைக்கு’ என்றுதான் பெயர். எப்போது போய்க் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில். அங்கே விட்ட வண்டிகளில் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டிருந்தன.

அதற்காகத்தான் அவள் அவரைத் தேர்ந்தெடுத்தாள்.

சில வாரங்களுக்கு முன் கண் டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார்.

"பக்கப் பார்வை போய்க்கிட்டே இருக்கும்மா. போனது திரும்பாது. நேரா இருக்கிறது தெளிவாத் தெரியறதால அவருக்கே அது புரியாது. இனிமே வண்டி ஓட்டக் கூடாது. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

அவள் தலையாட்டினாள். சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? காலமெல்லாம் அடுத்தவர் காரை ஓட்டி அவளைப் படிக்கவைத்தவர். அவள் வேலைக்குப் போன பிறகு வாங்கிய இந்தப் பழைய கார்தான் அவர் தனக்கென்று பிடித்த முதல் ஸ்டியரிங். ஒவ்வொரு நாளும் வாய்வரைக்கும் வந்தது, அப்படியே திரும்பிப்போனது.

அவர் தூணில் இடித்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தை அப்போதுதான் அந்தத் தூணடியிலிருந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடியிருந்தது.

வாரங்கள் போயின. அப்பா தினமும் காலையில் பட்டறைக்கு நடந்தே போவார். வெயில் ஏறியதும் திரும்பி வருவார்.

"முடிஞ்சுதாப்பா?"

"எங்கே முடிய? ஒரு கதவைத்தான் தட்டியிருக்கான், சோம்பேறிப் பய."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார். முன்போல யாரிடமும் பேச்சில்லை.

"வண்டியோட சேர்த்து இந்த மனுஷனையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றாள் அம்மா.

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள்.

ஒருநாள் அம்மா பொறுமையிழந்தாள். "நாளைக்குக் காலையில உன் மாமன் வர்றான். வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போய் மெயின் ரோட்டுக் கடையில விடச் சொல்லிட்டேன்."

மகள் அன்று ஆபீஸிலிருந்து நேராகப் பட்டறைக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரு உதவி. நாளைக்கு என் மாமா வருவார். வண்டியைக் கொடுத்துடாதீங்க. கழட்டிப் போட்டிருக்கேன், சாமான் வரணும்னு எதையாவது சொல்லி இன்னும் கொஞ்ச நாள் இழுங்க."

அவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். "உங்க வீட்ல எல்லாருக்கும் என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அப்பாவுக்குக் கண்ணு..."

அவர் எழுந்து பட்டறையின் பின்பக்கம் நடந்தார். மூலையில் போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்தார்.

கார் பளபளவென்று நின்றது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

"எப்பண்ணே முடிஞ்சுது?"

"அது ஆச்சு ஒரு மாசம். உங்கப்பா மாதிரி தினம் வந்து தலைமேல நின்னா, எவனால முடிக்காம இருக்க முடியும்?"

"அப்புறம் ஏன்...?"

"ஓட்டிப் பார்க்கிறேன்னு தெருமுனை வரைக்கும் போனார். பக்கவாட்டுல ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்திருக்கு. அது கத்தின பிறகுதான் இவருக்குத் தெரிஞ்சிருக்கு. நல்லவேளை, அதுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் போய் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அதுலேருந்து தினம் வர்றார். டிரைவர் சீட்ல கொஞ்ச நேரம் உட்கார்றார். துடைச்சு, மூடிட்டுப் போயிடறார்."

"வீட்ல தினமும் உங்களைத்தானே திட்டறார்?"

"திட்டத்தான் செய்வார். நான்தான் சரின்னு சொல்லியிருக்கேனே." அவர் குரலைத் தாழ்த்தினார். "‘வேலை முடியலைன்னே சொல்லிக்கிட்டிரு’ன்னார். ‘இத்தனை பட்டறையை விட்டுட்டு எம்பொண்ணு ஏன் உன்கிட்ட கொண்டுவந்து விட்டாள்னு இப்பதான் புரியுது. அதை அவ வாயால சொல்ல வெச்சுடாதே’ன்னார்."